பௌபஜார் 210: ஆளில்லாத சங்கத்துக்கு ஆள் வந்த கதை

சி.வி. ராமன் என்றதும் நம்ம வீடுகளில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது மூன்று விஷயங்கள். நோபல் பரிசு, தலைப்பாகை, கடல் ஏன் நீலமாக இருக்கிறது. தேசிய அறிவியல் தினத்துக்குப் பள்ளியில் பேச்சுப் போட்டி என்றால் இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

சரி, அந்த நோபல் பரிசுக்கான வேலை எங்கே நடந்தது? பாதிப் பேர் 'கல்கத்தா பல்கலைக்கழகம்' என்பார்கள். ராமன் அங்கே பேராசிரியராக இருந்தது உண்மைதான். ஆனால் வேலை நடந்த இடம் வேறு. பொதுமக்களின் நன்கொடையிலும் சந்தாவிலும் உருவான ஒரு சங்கத்தின் கட்டடத்தில் அது நடந்தது. ராமன் வந்து சேர்ந்த நேரத்தில் கிட்டத்தட்ட யாருமே எட்டிப் பார்க்காத சங்கம் அது.

இந்தக் கதையை இப்போது தோண்டி எடுக்க ஒரு காரணம் இருக்கிறது. நான் கொல்கத்தா வந்து பதினான்கு வருடம் ஆகிறது. மின்துறைப் பொறியாளர்களுக்கான ஒரு சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் உறுப்பினன். (பெயர் வேண்டாமே!) பட்டியலில் முந்நூறு பெயருக்கு மேல் இருக்கிறது. மாதக் கூட்டத்துக்கு வருவது பதினைந்து பேர். அதில் ஆறு பேர் செயற்குழு, மூன்று பேர் சிங்காராவுக்காக வருகிறவர்கள். (சிங்காரா என்பது வங்காளத்து சமோசா. அதற்காக வருவதில் தப்பே இல்லை.) வருகிறவர்களில் பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது: கிளையை மூடிவிட்டு, வங்கியில் இருக்கும் வைப்புத்தொகையைத் தலைமையகத்திடம் ஒப்படைத்துவிடலாமா? கையைத் தூக்கவேண்டியவர்களில் நானும் ஒருவன்.

வெளியூரில் இருக்கும் உங்களுக்கு இது புதிதாக இருக்காது. தமிழ்ச் சங்கம், கணக்காளர் சங்கம், மருத்துவர் சங்கம் என்று எங்கே கேட்டாலும் "இப்பல்லாம் யாருங்க வர்றா?" என்ற புலம்பல்தான். அதனால்தான் இதே ஊரில் நூறு வருடத்துக்கு முன்பு நடந்ததை ஒரு தடவை முழுசாகப் பார்க்கத் தோன்றியது.

*

கதை ராமனிடம் ஆரம்பிக்கவில்லை. மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டரிடம் ஆரம்பிக்கிறது.

சர்க்கார் பிறந்தது 1833-இல், ஹௌராவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து, 1863-இல் எம்.டி. பட்டம் வாங்கினார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது ஆள். பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷனின் வங்காளக் கிளை ஆரம்பித்தபோது ஹோமியோபதியைக் கிழி கிழியென்று கிழித்துப் பேசியவர் இவர். நாலு வருடம் கழித்து, 1867-இல், அதே சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து, 'நான் பரிசோதித்துப் பார்த்தேன், ஹோமியோபதியில் விஷயம் இருக்கிறது' என்று பேசினார். அவ்வளவுதான். சக டாக்டர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். நோயாளிகள் குறைந்தார்கள். (ஹோமியோபதி சரியா தப்பா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, ஆளை விடுங்கள்.)

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. தன் தொழிலுக்கான சங்கத்தாலேயே ஒதுக்கப்பட்ட ஒருவர்தான், பிற்பாடு எல்லோருக்குமாக ஒரு சங்கத்தைக் கட்டினார்.

1868-இல் சொந்தமாக ஒரு மருத்துவ இதழ் தொடங்கினார். அடுத்த வருடம் அதில் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியர்கள் தாங்களே அறிவியல் கற்கவும் ஆராயவும், தாங்களே நடத்துகிற ஒரு நிறுவனம் வேண்டும் என்பது கட்டுரையின் சாரம். 1870 ஜனவரியில் 'ஹிந்து பேட்ரியட்' பத்திரிகையில் வேண்டுகோள் வெளியிட்டார். பணம் சேர ஆறு வருடம் பிடித்தது. தொழிற்கல்விக்கூடம் போதும், சுத்த அறிவியல் எதற்கு என்று ஒரு தரப்பு வாதாடியது. அதையெல்லாம் தாண்டி 1876 ஜூலை 29 அன்று சங்கம் பிறந்தது. ஆங்கிலப் பெயர் 'இந்தியன் அசோசியேஷன் ஃபார் தி கல்டிவேஷன் ஆஃப் சயன்ஸ்'. இடம், பௌபஜார் தெரு 210. இனிமேல் வெறும் 'அசோசியேஷன்' என்றே சொல்கிறேன்.

ஆரம்பம் அமர்க்களம். செயின்ட் சேவியர் கல்லூரியின் ஃபாதர் லாஃபோன் என்ற பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் வந்து மேடையில் கருவிகளை வைத்துச் சோதனைகள் செய்து காட்டினார். ஜகதீஷ் சந்திர போஸ் அங்கே பாடம் எடுத்திருக்கிறார். கணிதத்தில் அசுதோஷ் முகர்ஜி. ஆந்திரப் பக்கத்து விஜயநகரம் மகாராஜா கொடுத்த பணத்தில் ஒரு ஆய்வுக்கூடமும் எழுந்தது. கட்டடம், கருவி, நூலகம், பெரிய மனிதர்கள் பட்டியல் எல்லாம் ரெடி.

ஆனால் ஆள்?

சர்க்காரின் கனவு வேறு. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃபாரடே உட்கார்ந்து ஆராய்ந்த மாதிரி, வேறு பிழைப்பு தேடாமல் முழு நேரமும் ஆராய்ச்சி செய்கிற பேராசிரியர்கள் இங்கே உட்காரவேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்கு நிரந்தர நிதி வேண்டும். முதலில் ஒரு தடவை பெரிய தொகை கொடுத்த ஜமீன்தார்கள், பெயர் பலகையில் ஏறியதும் ஒதுங்கிக்கொண்டார்கள். கௌரவ விரிவுரையாளர்கள் எல்லோருக்கும் பகலில் வேறு வேலை. கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். கல்லூரிகளே அறிவியல் வகுப்பும் சோதனைக்கூடமும் வைத்துக்கொள்ள ஆரம்பித்ததும், அவர்களுக்கு பௌபஜார் வரை நடக்கவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

கடைசிக் காலத்தில் சர்க்கார் மனம் வெறுத்துப் பேசியிருக்கிறார். கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்தும் ஒரே ஒரு பேராசிரியர் பதவிக்குக்கூட நிதி சேரவில்லை என்ற வருத்தம். 1904 பிப்ரவரி 23 அன்று இறந்தார். மகன் அம்ருதலால் சர்க்கார் செயலாளர் பொறுப்பை ஏற்று, விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். எங்கள் கிளையில் "இளைஞர்களுக்கு அக்கறை இல்லை" என்கிறார்கள். சர்க்காரும் கிட்டத்தட்ட அதையேதான் நினைத்தார். ஆனால் நடந்ததைப் பாருங்கள். அசோசியேஷன் கொடுத்துக்கொண்டிருந்த சரக்கு விரிவுரை. அதே சரக்கு கல்லூரியில் கிடைக்க ஆரம்பித்ததும் இங்கே கூட்டம் கலைந்தது. ஒரு காலத்தில் எங்கள் கிளையின் மாதச் சொற்பொழிவு ஒன்றில்தான் புது ரிலே, புது பிரேக்கர் பற்றியெல்லாம் தெரிந்துகொள்ள முடியும். இன்று அதைவிட நல்ல விளக்கம் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்காக ஈ.எம். பைபாஸ் நெரிசலில் ஒன்றரை மணி நேரம் யார் வருவார்கள்? இதை அக்கறை இல்லாமை என்று சொன்னால், பழி வராதவர்கள் தலையில் விழும், சங்கம் தப்பித்துக்கொள்ளும்.

*

1907-ஆம் வருடம் நடுவில், திருவானைக்காவலில் பிறந்த ஒரு பையன் கல்கத்தாவுக்கு வேலைக்கு வருகிறான். வயது பதினெட்டு. நிதித்துறைத் தேர்வில் முதலிடம். உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் பதவி. மே மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி லோகசுந்தரியோடு ஸ்காட்ஸ் லேனில் குடித்தனம். நம்மில் எத்தனை பேருக்கு இது நம்ம கதை மாதிரியே இருக்கிறது! வேலைக் கடிதம், புதுக் கல்யாணம், பாஷை தெரியாத ஊர், வாடகை வீடு.

மதராஸ் பிரெசிடென்சி கல்லூரியில் படிக்கும்போதே, 1906-இல், 'பிலாசஃபிகல் மேகசின்' என்ற லண்டன் ஆய்விதழில் ராமனின் கட்டுரை வந்துவிட்டது. ஆனால் அன்றைய இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழியில்லை. அதனால் சர்க்கார் கணக்கு. டல்ஹௌசி சதுக்கத்து அலுவலகத்துக்கு டிராமில் போகும்போது ஒருநாள் பௌபஜார் தெருவில் அசோசியேஷனின் பெயர்ப் பலகையைப் பார்த்தார், இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார் என்று சொல்வார்கள். கதவைத் திறந்தவர் அசுதோஷ் டே. ஆசு பாபு. அங்கே உதவியாளராக இருந்தவர். அவர்தான் அம்ருதலாலிடம் கூட்டிக்கொண்டு போனார். வேலை நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அம்ருதலால் அனுமதி கொடுத்தார்.

சங்கம் பிழைத்தது இந்த அனுமதியால்தான் என்பது என் கட்சி. பதினெட்டு வயதுப் பையன், மதராஸி, கணக்குத்துறை ஆள், பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லை. 'படிவத்தை நிரப்பிக் கொடு, செயற்குழுவில் வைக்கிறோம், மூன்று மாதம் கழித்து வா' என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. நாம் அப்படித்தானே செய்கிறோம்!

அதன்பிறகு ராமனின் தினசரி நேரம் எப்படி இருந்தது என்பது பிரசித்தம். காலை ஐந்தரைக்கு அசோசியேஷன். ஒன்பதே முக்காலுக்கு வீட்டுக்கு ஓடிவந்து குளித்து, அள்ளிப் போட்டுக்கொண்டு ஆபீஸ். மாலை ஐந்து மணிக்கு ஆபீஸிலிருந்து நேராக மறுபடி அசோசியேஷன். வீடு திரும்ப ராத்திரி ஒன்பதரை, பத்து. ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் அங்கேதான். இதைத் தங்கமணியிடம் படித்துக் காட்டினேன். "லோகசுந்தரிக்கு எந்தப் பரிசும் தரலியா?" என்று ஒரே கேள்வி. பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு சங்கத்துக்கு ஒருவர் கொடுக்கிற நேரம் எல்லாம் வீட்டிலிருந்து எடுத்ததுதான் என்பதை எந்த ஆண்டறிக்கையும் எழுதுவதில்லை.

நடுவில் 1909-இல் ரங்கூனுக்கும், அப்புறம் நாக்பூருக்கும் மாற்றல். 1911-இல் கல்கத்தா திரும்பினார். இந்தத் தடவை வீடே அசோசியேஷனுக்கு ஒட்டினாற்போல.

*

ராமன் வந்ததும் ஏதோ மந்திரம் போட்டு சங்கத்தை எழுப்பினார் என்று நினைக்கவேண்டாம். பத்து, பதினைந்து வருடம் ஆயிற்று. உறுப்பினர் சேர்ப்பு இயக்கம், 'வாருங்கள் வாருங்கள்' என்ற துண்டுப் பிரசுரம் ஆகியவற்றால் நடந்த மாற்றமும் இல்லை. என் கண்ணில் பட்டது நாலு விஷயம்.

முதலாவது, இருக்கிற கருவிக்கு ஏற்ற கேள்வி. அங்கே கிடந்த கருவிகள் பழையவை. பெரிய செலவு செய்ய வழியில்லை. ராமன் எடுத்துக்கொண்டது ஒலியும் அதிர்வும். வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம், தபலா. இந்த ஊரில் கையெட்டும் தூரத்தில் கிடைப்பவை. மிருதங்கத்துத் தோலின் நடுவில் அப்பும் கரணை எதற்கு, அதனால் தொனி எப்படி ஒழுங்காகிறது என்று விளக்கும் குறிப்பு 1920-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. எழுதியவர்கள் இருவர்: ராமனும் சிவகாளி குமார் என்ற வங்காளியும். ஒருவர் ஊர் மிருதங்கமும் இன்னொருவர் ஊர் தபலாவும் ஒரே கட்டுரையில். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

இரண்டாவது, வேலைக்குப் போகிறவனுக்கு ஏற்ற நேரம். பல்கலைக்கழகச் சோதனைக்கூடம் பகலில் மாணவர்களுக்கு. அசோசியேஷன் விடிகாலையும் ராத்திரியும் திறந்திருந்தது. வேறு எங்கும் கிடைக்காத சரக்கு இதுதான். கல்லூரி ஆசிரியர்கள் விடுமுறையில் வந்து தங்கி வேலை செய்தார்கள். எஸ். வெங்கடேஸ்வரன் என்பவர் பகலில் அலிப்பூரில் அரசு சோதனைச்சாலையில் ஊழியர், ஓய்வு நேரத்தில் இங்கே ஆராய்ச்சி. 1928 பிறக்கும் சமயத்தில், சுத்தமான கிளிசரினில் சூரிய ஒளியைப் பாய்ச்சியபோது எதிர்பார்த்த நீலத்துக்குப் பதில் பச்சை ஒளி சிதறுவதைக் கவனித்தவர் இவர்தான். அவருக்குப் பகலில் வேலை, சோதனைக்கு வேண்டியதோ வெயில். அதனால் கே.எஸ். கிருஷ்ணன் அதைத் தொடர்ந்தார். அங்கிருந்து சில வாரங்களில் பிப்ரவரி 28. நோபல் பரிசு வரை போன பாதையில் ஒரு பகுதிநேர உறுப்பினரின் விடுமுறை நாளும் இருக்கிறது.

மூன்றாவது, செய்ததை அச்சில் போடுவது. 1909-இலேயே அசோசியேஷனின் பெயரில் அறிக்கை இதழ் வர ஆரம்பித்தது. அப்புறம் நடவடிக்கைத் தொகுப்பு. 1926-இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்'. வெளிநாட்டு ஆய்விதழ் தயவை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ராமன் விளைவு பற்றிய முழுக் கட்டுரை முதலில் வந்ததே இந்த இதழில்தான். 1928 மார்ச் 16 அன்று பெங்களூரில் தென்னிந்திய அறிவியல் சங்கத்துக் கூட்டத்தில் ராமன் பேசிய பேச்சு, உடனடியாக அச்சாகி, தனிப்படிகளாக உலகம் முழுக்கப் போயிற்று. இது புது நூற்றாண்டின் வித்தை ஒன்றுமில்லை. சொந்த அச்சு, சொந்த தபால் செலவு.

நாலாவது, பெயர் போடும் நேர்மை. கதவைத் திறந்துவிட்ட ஆசு பாபு கல்லூரிப் பட்டம் இல்லாதவர். 1919, 1920 வருடத்துக் கட்டுரைகளில் 'ராமன், அசுதோஷ் டே' என்று இரண்டு பெயரும் சேர்ந்து வருகின்றன. ஏதோ திரவத்துளி விழும் சத்தத்தைப் பற்றிய ஆராய்ச்சி அதில் ஒன்று. அடிமட்ட ஊழியர் கட்டுரையின் ஆசிரியர் ஆகமுடியும் என்ற இடத்துக்கு ஆள் வராமல் இருப்பார்களா?

1917-இல் அசுதோஷ் முகர்ஜி கூப்பிட்டு, பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ராமனுக்குக் கொடுத்தார். சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார், அசோசியேஷனில் ஆராய்ச்சியைத் தொடரலாம் என்ற ஏற்பாட்டோடு. 1919-இல் அம்ருதலால் இறந்தபின் ராமனே கௌரவச் செயலாளர் ஆனார். கே.ஆர். ராமநாதன், கிருஷ்ணன், பகவந்தம், சிசிர் குமார் மித்ரா என்று நாலா திசையிலிருந்தும் ஆட்கள். 1930-இல் நோபல். ஐம்பத்து நாலு வருடத்துக்கு முன்பு சர்க்கார் எதை நினைத்து ஆரம்பித்தாரோ, அது நடந்தது. அவர் இல்லை.

*

இங்கேயே 'சுபம்' போட்டு முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். நம்மவர் ஒருவர் போய் அடுத்த ஊர்ச் சங்கத்தைத் தூக்கி நிறுத்தினார் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் பாக்கிக் கதையைச் சொல்லாவிட்டால் நமக்கு உபயோகம் இல்லை.

1933-இல் ராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராகப் போனார். அந்தப் பதவியில் முதல் இந்தியர். அதே வருடம், சர்க்கார் கனவு கண்ட பேராசிரியர் பதவி அவர் பெயரிலேயே அசோசியேஷனில் வந்தது. முதல் 'மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர்', வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன்.

அதற்குள் ஊருக்குள் புகைச்சல் கிளம்பியிருந்தது. வங்காளிகள் பணம் போட்டு வங்காளி ஒருவர் கட்டிய சங்கத்தைத் தென்னிந்தியர்கள் பிடித்துக்கொண்டார்கள், ராமன் தன் ஊர் மாணவர்களுக்கே இடம் கொடுக்கிறார் என்று குற்றச்சாட்டு. ராமனின் வங்காளி மாணவர்கள், கூட எழுதியவர்கள் பட்டியலைப் பார்த்தால் அது முழு நியாயம் என்று சொல்லமுடியாது. ஆனால் ராமனின் பேச்சும் இதமானது இல்லை. சங்கத்தில் யார் சேரலாம், நிர்வாகம் யார் கையில் என்பதுதான் தகராறின் மையம். பெங்களூரில் இருந்துகொண்டே கல்கத்தா சங்கத்திலும் பிடி வைத்திருக்க முடியுமா என்ற கேள்வி வேறு. 1934-இல் உறுப்பினர் கூட்டத்தில் ராமன் தரப்பு தோற்றது. அசோசியேஷனோடு அவருக்கு இருந்த உறவு அத்தோடு முறிந்தது. அதே வருடம் பெங்களூரில் 'இந்தியன் அகாடமி ஆஃப் சயன்சஸ்' என்ற புது அமைப்பைத் தொடங்கினார்.

யோசித்துப் பாருங்கள். 1904-இல் கூப்பிட்டாலும் உறுப்பினர்கள் வராத சங்கம். 1934-இல் அதில் யார் உறுப்பினர் என்பதே ஊர்ச் சண்டை. சங்கத்துக்கு உயிர் வந்துவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் என்ன விலை! இருபத்தாறு வருடம் உழைத்த ஒருவர் கசப்போடு வெளியேறினார்.

குற்றச்சாட்டு பாதி பொய்யாகவே இருந்தாலும் அது ஏன் ஒட்டிக்கொண்டது என்று நாம்தான் கேட்கவேண்டும். வெளியூரில் நாம் ஒரு இடத்தில் நாலு பேர் சேர்ந்தால் நமக்குள் தமிழில் பேசிக்கொள்கிறோம். கூட இருக்கும் ஐந்தாவது ஆள் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார். நாம் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் அந்த ஐந்தாவது ஆள் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை. வந்தால், பத்து பேரைக் கூட்டிக்கொண்டு வாக்களிக்க வருவார். எங்கள் கிளையிலும் செயற்குழு ஆறு பேரில் நாலு பேர் தமிழர்கள். ஒரே காலகட்டத்தில் ஊருக்கு வந்தவர்கள், ஒரே லேக் மார்க்கெட் பக்கம் குடியிருப்பவர்கள். திட்டம் போட்டு நடந்ததில்லை, தானாக அப்படி ஆயிற்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ராமன் போனபின் கதவு மூடவில்லை. கிருஷ்ணன் 1942 வரை அங்கேயே இருந்து, காந்தவியலில் பெரிய வேலைகள் செய்து, 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரும் ஆனார். அதாவது, 'தென்னிந்தியர் ஆதிக்கம்' என்ற சண்டை நடந்த அதே கட்டடத்தில் இன்னொரு தமிழர், சர்க்காரின் பெயரைத் தாங்கிய பதவியில், எட்டு வருடம் நிம்மதியாக வேலை செய்திருக்கிறார். ஆக, ஊர்க்காரர்கள் எல்லாத் தமிழரையும் வெறுத்தார்கள் என்று எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. 1944-இல் மேகநாத் சாஹா செயலாளர் ஆகி, சங்கத்தை ஜாதவ்பூரில் பெரிய இடத்துக்கு மாற்றும் வேலையைத் தொடங்கினார். இன்றும் அது அங்கே ஆராய்ச்சி நிறுவனமாக நடக்கிறது. பௌபஜார் தெருவுக்கு இப்போது விபின் பிஹாரி கங்குலி தெரு என்று பெயர். 210-ஆம் எண்ணில் இன்று இருப்பது ஒரு வணிகக் கல்லூரி. நகைக்கடைகளுக்கு நடுவில் அந்த வழியாகப் போகும்போது மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவேன்.

*

சரி, எங்கள் பொதுக்குழு விஷயத்துக்கு வருகிறேன். மூடும் தீர்மானத்துக்கு எதிராகத்தான் கை தூக்கப் போகிறேன். வெறுமனே எதிர்த்தால் "அப்ப நீங்களே நடத்துங்க சார்" என்பார்கள், அது தெரிந்ததுதான். அதனால் மாற்றாக நாலு யோசனைகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மாதச் சொற்பொழிவை ஒரு வருடத்துக்கு நிறுத்திவைப்பது. கிளையிடம் நல்ல மெகர், பவர் அனலைசர், ஒரு வெப்பப் படக் கேமரா எல்லாம் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் மாலை ஏழிலிருந்து பத்து வரையும், ஞாயிறு காலையும் அறையைத் திறந்து வைத்து, உறுப்பினர் அல்லாத இளம் பொறியாளர்களும் டிப்ளமோ படித்தவர்களும் எலக்ட்ரீஷியன்களும் எடுத்துப் பயன்படுத்த விடுவது. சந்தாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஊருக்கே உரிய ஒரு கேள்வியை எடுப்பது. வட கல்கத்தாவின் பழைய வீடுகளில் ஒயரிங் எந்த நிலையில் இருக்கிறது, எர்த்திங் இருக்கிறதா இல்லையா என்று அனுமதி கிடைக்கும் வீடுகளில் அளந்து எழுதுவது. அதற்கு நம்மிடம் இருக்கிற கருவியே போதும். மழைக்காலத்தில் ஷாக் அடித்துச் செத்தவர்கள் செய்தியை வருடா வருடம் படிக்கிறோமே, அதற்கு இது நேரடியாக உதவும்.

அளந்ததை எட்டுப் பக்கமாவது வங்காளியிலும் ஆங்கிலத்திலும் அச்சிடுவது. வேலை செய்த எலக்ட்ரீஷியன் பெயரும் ஆசிரியர் பட்டியலில் வரவேண்டும்.

கடைசியாக, செயற்குழுவில் நாங்கள் நாலு தமிழரில் இரண்டு பேர் இறங்கிக்கொள்வது. அந்த இரண்டில் ஒன்று நான். இறங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை அறையைத் திறக்கும் வேலையை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். (தங்கமணியிடம் இரண்டு ஞாயிறுக்கு ஒன்று என்று ஒப்பந்தம்.)

நடக்குமா? தெரியாது. தீர்மானம் நிறைவேறி, கிளை மூடிப்போகவும் கூடும். சர்க்கார் இறந்து மூன்று வருடம் கழித்துத்தான் ராமன் வந்தார். நடுவில் இருந்த அந்த மூன்று வருடம் அம்ருதலால், வருமானமும் கூட்டமும் இல்லாத இடத்தைப் பூட்டாமல் வைத்திருந்தார். அவரைப் பற்றி யாரும் பேச்சுப் போட்டியில் பேசுவதில்லை. ஆனால் அவர் 1905-இல் 'மூடிவிடலாம், மிச்சப் பணத்தை எங்காவது கொடுத்துவிடலாம்' என்று முடிவு செய்திருந்தால், அந்தப் பதினெட்டு வயதுப் பையன் டிராமிலிருந்து இறங்கி நின்றிருக்கும் இடம் ஒரு நகைக்கடையாக இருந்திருக்கும்.

உங்கள் ஊர்ச் சங்கத்தில் இதே மாதிரி தீர்மானம் வந்து, எப்படியோ தப்பித்திருந்தால், எப்படித் தப்பித்தது என்று சொல்லுங்கள். பொதுக்குழுவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.